இடனறிந்து தொழில் கண்டவர்

உழவன் வித்தை விதைக்குமுன் நிலத்தைப் பார்க்கின்றான். செம்மண்ணோ, கரிசலோ, உவர்நிலமோ என்று ஆராய்கின்றான். நீர் எங்கிருந்து வரும், மழை எந்தத் திங்களில் பெய்யும் என்று எண்ணுகின்றான். வித்து நல்லதாயினும் ஒவ்வாத நிலத்தில் அது முளைப்பதில்லை. முளைத்தாலும் கதிர் ஈன்று பயன் தருவதில்லை. உழவுக்கு உரிய இவ்வுண்மை கைத்தொழிலுக்கும் வாணிகத்துக்கும் உரியதே. கையிற் பொருள் இருந்தும், உழைக்கும் மனம் இருந்தும், இடம் ஒவ்வாமையால் அழிந்த தொழில்கள் பல. திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல் என்னும் அதிகாரங்களை அடுத்து, இடனறிதல் என்று ஓர் அதிகாரத்தையும் வகுத்தார். அரசர்க்கும் போருக்கும் அவர் கூறிய அந்நெறி, புதிதாகத் தொழில் தொடங்குவார்க்கும் வழிகாட்டத் தக்கது. அந்நெறியைத் தம் வாழ்நாளில் மெய்ப்பித்துக் காட்டி, இந்திய நாட்டின் பெருந்தொழில்களுக்குக் கால்கோள் செய்தவர் ஜாம்செட்ஜி நசர்வான்ஜி டாட்டா ஆவார்.

குசராத்தில் நவசாரி என்பது ஓர் ஊர். பாரசீகத்திலிருந்து பன்னூறு ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய பார்சி மக்களுக்கு அது சமயச் சிறப்பு வாய்ந்த இடம். அவ்வூரில் 1839ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் ஜாம்செட்ஜி பிறந்தார். தந்தையார் நசர்வான்ஜி, தாயார் ஜீவன்பாய். அவர்கள் குடும்பம் வழிவழியாகக் குருத்துவம் செய்து வந்தது. தீயை ஓம்பி வழிபாடு நடத்துவதே அவர்தம் முன்னோர் தொழில். அக்குடும்பத்தில் முதன்முதலாக வாணிகத்தை நாடியவர் நசர்வான்ஜியே. அவர் ஊரைவிட்டுப் பம்பாய் சென்று, பொருளீட்டத் தொடங்கினார். ஜாம்செட்ஜி தம் பதின்மூன்றாம் வயதில் தந்தையாரிடம் சென்று சேர்ந்தார்.

இன்று மும்பை என வழங்கும் பம்பாய், அக்காலத்தில் புதுத்தொழில்களின் தொட்டிலாய் விளங்கியது. அதற்குக் காரணங்கள் பல. ஆழ்ந்த இயற்கைத் துறைமுகம் ஒன்று அங்கு இருந்தது. பருத்தி விளையும் நிலங்கள் அதன் பின்புறத்தே பரந்து கிடந்தன. 1853ஆம் ஆண்டில் அந்நகரிலிருந்து இருப்புப்பாதை போடப்பட்டு, முதல் பயணிகள் வண்டி தானே நகர்வரை ஓடிற்று. பார்சிகளும் குசராத்திகளும் போராக்களும் சீனம், அரபு நாடுகள், ஆப்பிரிக்கா ஆகிய இடங்களோடு வாணிகம் செய்து பொருள் குவித்திருந்தனர். ஒருவர்க்கொருவர் நம்பிக் கடன் கொடுக்கும் வழக்கம் அவர்களிடையே வேரூன்றியிருந்தது. துறைமுகம், மூலப்பொருள், வழி, முதல், நம்பிக்கை ஆகிய ஐந்தும் ஓரிடத்தில் கூடின. அதனாலன்றோ கவாஸ்ஜி தாவர் என்பார் 1854ஆம் ஆண்டில் அந்நகரில் நூற்பாலை ஒன்றை நிறுவ முற்பட்டார்!

ஜாம்செட்ஜி எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858ஆம் ஆண்டில் தேறினார். மறு ஆண்டில் தந்தையார் அவரை ஹாங்காங்கு நகருக்கு அனுப்பினார். பம்பாய் வணிகர் பலரைப் போலவே அவர்களும் அந்நாளில் பருத்தியும் அபினியும் ஏற்றுமதி செய்து வந்தனர். அபினி வாணிகம் சட்டத்திற்கு உட்பட்டிருந்ததாயினும், சீன மக்களுக்கு அது கேடு விளைத்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை. பிற்காலத்தில் ஜாம்செட்ஜி பொருளை ஆக்கும் தொழில்களிலேயே தம் வாழ்வைச் செலவிட்டார்.

இளமையில் அவருக்கு ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. 1861ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்கு வருவது தடைப்பட்டமையால், இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. பம்பாயில் பொன்மழை பொழிந்தது எனலாம். வணிகர் பலர் மதிமயங்கி, இல்லாத தொழில்களுக்கும் பங்குகளை விற்றனர். வங்கிகள் வரையறையின்றிக் கடன் கொடுத்தன. இலண்டன் மாநகரில் கிளை ஒன்று நிறுவும்பொருட்டு ஜாம்செட்ஜி 1864ஆம் ஆண்டில் கப்பலேறினார். மறு ஆண்டில் போர் முடிந்தது. பருத்தி விலை ஒரே வீழ்ச்சியாய் வீழ்ந்தது. அவர் கையிற் கொண்டுசென்ற பத்திரங்கள் வெறுங் காகிதங்களாயின.

அந்நிலையில் ஒளிந்து கொள்ளாமல், கடன் கொடுத்தவர்களை அவரே நேரிற் சென்று கண்டார். கணக்கை மறைவின்றி எடுத்துரைத்தார். அவருடைய நேர்மையை மெச்சிய அவர்கள், கடனைத் தீர்க்கும் பொறுப்பைச் சிறு சம்பளத்துடன் அவரிடமே ஒப்படைத்தனர். பம்பாயில் நசர்வான்ஜி தம் வீட்டை விற்றுக் கடனை அடைத்தார். பொருள் போயிற்று, பெயர் போகவில்லை. பிறர் வாங்குகின்றார் என்பதற்காகத் தாமும் வாங்குதல் வாணிகமன்று; பொருளின் விலை எதனால் ஏறுகின்றது, எதனால் இறங்கும் என்று வேரை ஆராய்தலே வாணிகம் என்னும் பாடத்தை ஜாம்செட்ஜி தம் இருபத்தாறாம் வயதில் கற்றார்.

பின்னர், அபிசீனியா நாட்டின்மீது ஆங்கிலேயர் படையெடுத்தபோது, படைக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் நசர்வான்ஜி பங்கு பெற்றார். குடும்பம் மீண்டும் தலைநிமிர்ந்தது. 1868ஆம் ஆண்டில் ஜாம்செட்ஜி 21,000 ரூபாய் முதலில் தமக்கென ஒரு வாணிக நிலையம் தொடங்கினார். அடுத்த ஆண்டில், பம்பாய்ச் சிஞ்சுபோக்லியில் நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி, அதனைப் பருத்தி ஆலையாக மாற்றி, ஈராண்டுகளில் ஊதியத்துடன் விற்றார். அதன்பின் இங்கிலாந்து சென்று, இலங்காசயர்ப் பகுதியின் ஆலைகளைக் கூர்ந்து நோக்கினார். அங்குத் தங்கியிருந்த நாட்களில் அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. இந்தியாவில் விளையும் பருத்தி கடல் கடந்து சென்று, நூலாகித் துணியாகி, மீண்டும் கடல் கடந்து இந்தியர்க்கே விற்கப்படுகின்றது. அப்பருத்தி விளையும் நிலத்திலேயே அதனை ஏன் நெய்தல் கூடாது?

அவ்வினாவுக்கு விடைகாணும் பொருட்டு அவர் நாடெங்கும் சுற்றினார். அக்காலத்தில் ஆலை அமைக்க விரும்பிய செல்வர் யாவரும் பம்பாயையே நாடினர். பம்பாயின் ஈரக்காற்று நூல் அறாமல் நூற்கத் துணை செய்வது. வங்கியும் துறைமுகமும் அங்கேயே உள்ளன. பழகிய தொழிலாளரும் அங்கேயே கிடைப்பர். அவ்வாறிருந்தும் ஜாம்செட்ஜி தேர்ந்தெடுத்தது கடலினின்று தொலைவில் உள்நாட்டின் நடுவே அமைந்த நாகபுரியை. அறிந்தோர் அனைவரும் வியந்தனர்.

அவர் கண்ட கணக்கு வேறு. நாகபுரியைச் சூழ்ந்த கரிசல் நிலம் பருத்திக் களஞ்சியம். 1867ஆம் ஆண்டிலேயே பம்பாயிலிருந்து அந்நகருக்கு இருப்புப்பாதை வந்துவிட்டது. நீராவிப் பொறிக்கு வேண்டும் நிலக்கரி வரோராச் சுரங்கத்திலிருந்து கிடைக்கும். நெய்த துணியை வாங்கும் மக்கள் நடு மாநிலங்களின் ஊர்தோறும் இருக்கின்றனர். பருத்தியைப் பம்பாய்க்கு அனுப்ப ஒரு கூலி, துணியைத் திரும்பக் கொணர மற்றொரு கூலி என இருமுறை செலவிடுவதை நாகபுரி ஆலை ஒருங்கே தவிர்த்துவிடும். பம்பாயின் நன்மைகள் கண்ணுக்குப் புலப்படுவன. நாகபுரியின் நன்மைகள் கணக்கிட்டார்க்கு மட்டுமே புலப்படுவன.

1874ஆம் ஆண்டில் 15 இலட்சம் ரூபாய் முதலுடன் நடு இந்திய நூற்பு நெசவு நிறுவனம் தோற்றுவிக்கப்பெற்றது. நகரின் அருகே சதுப்பாய்க் கிடந்த நிலம் மலிவாகக் கிடைத்தது. அப்பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பும் பணி தொடங்கியபோது, உள்ளூரில் வட்டித்தொழில் செய்த செல்வர் ஒருவர், பொன்னை மண்ணிற் புதைக்கும் இம்முயற்சிக்குத் தாம் பொருள் தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டாராம். பல ஆண்டுகள் சென்றபின், மண்ணையே பொன்னாக்கிய மனிதரைத் தாம் அறியாமல் போனதாக அவரே ஒப்புக்கொண்டார் என்பர். கட்டடம் முடிந்து, 1877ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் ஆலை இயங்கத் தொடங்கியது. விக்டோரியா அரசியார் இந்தியப் பேரரசி எனப் பட்டம் சூட்டிக்கொண்ட நாள் அதுவாதலின், ஆலைக்கு எம்பிரஸ் ஆலை என்று பெயரிடப்பட்டது.

தொடக்கத்தில் இன்னல்கள் பல தோன்றின. மலிவாக வாங்கிய பொறிகள் நல்ல நூலைத் தரவில்லை. ஜாம்செட்ஜி தயங்காது அவற்றை நீக்கிப் புதியவற்றை அமைத்தார். நாகபுரியின் வறண்ட வெப்பக் காற்றில் நூல் அறுந்தது. ஆலைக்குள் காற்றை ஈரப்படுத்தும் கருவிகளை அமைத்தார். அந்நாளில் புதுமையாய் வந்த வளையக் கதிர்களை இலங்காசயர் ஆலைக்காரர் பலர் ஏற்கத் தயங்கியபோது, அவர் தம் ஆலையிற் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். இருப்புப்பாதை அலுவலில் இருந்த பெசோன்ஜி தாதாபாய் மேத்தா என்பாரை ஆலை மேலாளராக அமர்த்தினார். மேத்தாவுக்கு நெசவு தெரியாது. ஆயின் சரக்கையும் ஆட்களையும் ஒழுங்குபட நடத்தத் தெரியும். எதற்கு எவர் தக்கார் என்று தேர்வதிலும் ஜாம்செட்ஜி வல்லவர்.

எல்லாவற்றினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. நாகபுரி மக்கள் ஆலைத்தொழிலுக்குப் புதியவர்கள். மணியடித்தால் வருதல், மணியடித்தால் போதல் என்னும் முறை அவர்களுக்குப் பழக்கமில்லை. வயலில் வேலை வந்தாலும், வீட்டில் திருமணம் வந்தாலும் பலர் ஆலைக்கு வாரார். அவர்களைத் தண்டித்துத் திருத்த முயலாமல், ஆலையில் நிலைத்திருப்பதே அவர்களுக்கு நன்மை ஆகுமாறு ஜாம்செட்ஜி செய்தார். குடிக்கத் தூய நீரும், உள்ளே நல்ல காற்றும் கிடைக்க வகை செய்தார். ஒழுங்காக வருவோர்க்குப் பரிசுகள் அளித்தார். 1886ஆம் ஆண்டில் முதியோர்க்கு ஓய்வூதிய நிதியையும், பின்னர் விபத்தில் உறுப்பிழந்தோர்க்கு ஈட்டுத்தொகையையும் ஏற்படுத்தினார். எந்தச் சட்டமும் இவற்றை அன்று கட்டாயமாக்கவில்லை. ஓரிடத்தில் இல்லாத வளம் இரண்டு வகை. கரியும் கனியும் இல்லையேல் வேற்றிடம் தேடுதல் வேண்டும். தேர்ந்த தொழிலாளர் இல்லையேல் அவரை அங்கேயே ஆக்கிக்கொள்ளுதல் கூடும். இவ்வேறுபாட்டை ஜாம்செட்ஜி நன்கு உணர்ந்திருந்தார்.

இடத்தின் தன்மையை மாற்றுவன மண்ணும் மழையும் மட்டுமல்ல. ஆட்சியும் வழிகளும் அவ்வாறே செய்வன. 1893ஆம் ஆண்டில் அவர் சப்பானுக்குச் சென்றார். இந்திய நூலையும் பருத்தியையும் கீழ்நாடுகளுக்கு ஏற்றிச்செல்லும் கப்பல் வழி ஆங்கிலக் கம்பெனி ஒன்றின் தலைமையில் கட்டுண்டிருந்தது, கப்பற்கூலியோ மிகுதி. அவர் சப்பானியக் கம்பெனி ஒன்றுடன் உடன்பாடு செய்து, குறைந்த கூலிக்குக் கப்பல் விட்டார். எதிர்த்தரப்பினர் கூலியை அடிமட்டத்திற்குக் குறைத்து, அவர் பக்கம் இருந்த வணிகரைத் தம்பால் இழுத்துக்கொண்டனர். சிறு ஊதியம் கண்டு அவ்வணிகர் அவரைக் கைவிட்டனர். டாட்டாவின் கப்பல்கள் விரைவில் நின்றன. கூலியும் பழையபடி ஏறத் தொடங்கிற்று. 1896ஆம் ஆண்டில் இந்திய ஆலைத் துணிமீது அரசு நூற்றுக்கு மூன்றரை வீதம் வரி விதித்தது. அதுவும் இலங்காசயரின் நன்மை கருதியே விதிக்கப்பட்டது. அடிமை நாட்டில் புதுத்தொழில் தொடங்குவோன் பொறியோடு மட்டுமின்றி அரசோடும் போராட வேண்டியிருந்தது.

அப்போராட்டத்தின் கடுமை இரும்புத் தொழிலில் வெளிப்பட்டது. ஜாம்செட்ஜியின் உள்ளத்தில் எஃகு ஆலை ஒன்று அமைக்கும் எண்ணம் 1882ஆம் ஆண்டிலேயே தோன்றியது. நாகபுரிக்குத் தெற்கே சாந்தா மாவட்டத்தில் நல்ல இரும்புக் கனி உண்டு எனச் செருமானிய நிலநூல் வல்லுநர் ஒருவர் எழுதிய அறிக்கை அவர் கைக்குக் கிடைத்தது. வரோரா நிலக்கரியும் அதன் அருகிலேயே இருந்தது. ஆயின் அக்கரி இரும்புருக்கும் உலைக்கு ஏற்றதன்று எனச் சோதனையில் தெரியவந்தது. சுரங்கம் தோண்டுதற்கு அரசு விதித்திருந்த கட்டுப்பாடுகளோ மிகக் கடுமை. அவர் எண்ணத்தை விட்டுவிடவில்லை, ஒத்திவைத்தார். ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள், நாட்டின் கனிகளைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டிக்கொண்டே இருந்தார்.

1899ஆம் ஆண்டில் கர்சன் பிரபுவின் ஆட்சியில் சுரங்க விதிகள் தளர்ந்தன. காலம் கனிந்தது. ஜாம்செட்ஜி இலண்டன் சென்று இந்திய அமைச்சரைக் கண்டு ஆதரவு பெற்றார். அறுபது வயதைக் கடந்து, உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும், 1902ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். பிட்சுபர்க்கு, கிளீவுலாந்து, அலபாமா நாட்டுப் பர்மிங்காம் ஆகிய இரும்பு நகரங்களைச் சுற்றிப் பார்த்தார். நியூயார்க்கில் சார்லசு பேசு பெரின் என்னும் பொறியியலறிஞரைக் கண்டு, இந்தியாவுக்கு வந்து இடம் தேடித் தருமாறு வேண்டினார். பெரின் இசைந்து, வெல்டு என்னும் நிலநூல் வல்லாரை முதலில் அனுப்பினார்.

இரும்பாலைக்கு இடம் தேடுதல் எளிதன்று. ஒரு டன் இரும்பு பெறுதற்கு அதனினும் மிகுந்த எடையுள்ள கனிக்கல்லும் நிலக்கரியும் வேண்டும்; சுண்ணக்கல் வேண்டும்; ஓயாது ஓடும் நீர் வேண்டும்; சரக்கை ஏற்றிச்செல்ல இருப்புப்பாதை வேண்டும். இவற்றுள் ஒன்று தொலைவில் இருப்பினும் ஏற்றுகூலியே ஊதியத்தை விழுங்கிவிடும். வெல்டும் ஜாம்செட்ஜியின் மூத்த மகன் தோராப்ஜியும் மாட்டு வண்டியில் காடுமேடெல்லாம் அலைந்தனர். சாந்தா மாவட்டத்துக் கனி பரவலாய்ச் சிதறிக் கிடந்ததேயன்றிப் பேராலைக்குப் போதுமானதாய் இல்லை. சோர்வுற்றிருந்த தோராப்ஜி, நாகபுரியில் அரசு அலுவலர் ஒருவரைக் காணச் சென்றவர், எதிரில் இருந்த அருங்காட்சியகத்தில் நுழைந்தார். அங்கிருந்த நிலநூல் படமொன்று, துருக் மாவட்டத்தில் இரும்புக் கனி மிகுந்திருப்பதைக் காட்டியது. சென்று பார்த்தபோது, தல்லி ராசராக் குன்றுகள் இரும்புக் குன்றுகளாகவே நின்றன. ஆயினும் உலைக்கேற்ற கரியும் வற்றாத நீரும் அவற்றின் அருகில் இல்லை. கைக்கு எட்டிய பெருஞ்செல்வத்தை அவர்கள் விட்டுவிட நேர்ந்தது.

1904ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு மடல் வந்தது. எழுதியவர் பிரமதநாத் போசு. இந்திய நிலநூல் ஆய்வுத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, மயூர்பஞ்சு அரசின் பணியில் இருந்த வங்காளி அறிஞர் அவர். குருமகிசானி மலையில் உயர்ந்த இரும்புக் கனி இருப்பதையும், சாரியா நிலக்கரி வயல்கள் அதற்குத் தொலைவில் இல்லாமையையும் அவர் அறிவித்தார். அம்மடல் இந்திய இரும்புத் தொழிலின் தலைவிதியை மாற்றியது. ஆனால் அதன் பயனைக் காண ஜாம்செட்ஜிக்கு வாழ்நாள் போதவில்லை.

இரும்போடு வேறிரண்டு எண்ணங்களும் அவர் உள்ளத்தில் நிலைபெற்றிருந்தன. ஒன்று நீர்மின்சாரம். பம்பாயின் ஆலைகள் தொலைவிலிருந்து வரும் கரியை எரித்து நகரைப் புகையால் மூடின. அந்நகருக்கு அண்மையில் மேற்கு மலைத்தொடர் நிற்கின்றது. ஆண்டில் நான்கு திங்கள் அங்கு மழை கொட்டுகின்றது. எஞ்சிய திங்கள்களில் துளியும் இல்லை. மழைநீரை மலைமேல் அணைகளில் தேக்கி, ஆண்டு முழுதும் செங்குத்தாக வீழ்த்தினால், கரியில்லாக் குறை நீரால் தீரும் என்று அவர் கண்டார்.

மற்றொன்று அறிவியல் நிலையம். கனியும் நீரும் இருந்தும், அவற்றைப் பயன்கொள்ளும் அறிஞர் இல்லையேல் நாடு அயலாரையே எதிர்நோக்கும். 1892ஆம் ஆண்டிலேயே, இந்திய மாணவர் வெளிநாடு சென்று உயர்கல்வி பெற நிதி ஒன்றை அவர் நிறுவியிருந்தார். 1898ஆம் ஆண்டில், தம் சொத்தில் 30 இலட்சம் ரூபாய் பெறுமானமுள்ள கட்டடங்களையும் நிலங்களையும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு அளிக்க முன்வந்தார். 1893இல் யோகோகாமாவிலிருந்து வான்கூவர் சென்ற கப்பலில் தம்முடன் பயணம் செய்த விவேகானந்தருக்கும் இந்நோக்கம் குறித்து அவர் மடல் எழுதினார். அரசு ஐயுற்றுக் காலம் தாழ்த்தியது. அதற்கும் இடம் தேர்தல் வேண்டியிருந்தது. மைசூர் அரசு பெங்களூரில் 371 ஏக்கர் நிலம் வழங்கியது. அவ்வூரின் மிதமான தட்பவெப்பமும் கல்விக்கு உகந்ததாய் இருந்தது.

இவ்வளவு எண்ணங்களும் முளைவிட்டு நின்ற வேளையில், 1904ஆம் ஆண்டு மேத் திங்கள் 19ஆம் நாள், மருத்துவத்திற்காகச் சென்றிருந்த செருமனியின் நவ்கைம் நகரில் ஜாம்செட்ஜி உயிர் நீத்தார். எஃகு ஆலை இல்லை. மின் நிலையம் இல்லை. ஆராய்ச்சி நிலையமும் இல்லை. மூன்றும் தாளில் இருந்தன. வேறொருவர் ஆயின், அவை தாளோடு மறைந்திருக்கும். ஆனால் அவர் விட்டுச்சென்றவை வெறுங் கனவுகள் அல்ல. ஆராய்ந்து கண்ட கணக்குகள். ஆதலின் தோராப்ஜியும் இளைய மகன் ரத்தன்ஜியும் உறவினரும் அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றினர்.

இரும்பாலைக்குரிய முதல் இலண்டனில் கிடைக்கவில்லை. 1907ஆம் ஆண்டில், சுதேசி உணர்ச்சி நாடெங்கும் பொங்கியிருந்த வேளையில், பம்பாயில் பங்குகள் விற்பனைக்கு வந்தன. செல்வரும் எளியரும் காலை முதல் இரவு வரை டாட்டா அலுவலகத்தை மொய்த்தனர். மூன்று வாரங்களில் ஏறத்தாழ 8,000 இந்தியர் 16 இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட முதலைத் தந்தனர். குவாலியர் அரசர் மேலும் 4 இலட்சம் பவுன் கடனாக வழங்கினார். மக்களின் நம்பிக்கையும் ஒரு நாட்டின் இயற்கை வளத்தை ஒத்ததே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாண்டின் இறுதியில் ஆலைக்குரிய இடமும் கிடைத்தது. சுவர்ணரேகை, கர்க்காய் என்னும் ஈராறுகள் கூடும் சாக்சி என்னும் சிற்றூர் அது. இரும்புக் கனி தெற்கே, நிலக்கரி வடக்கே, நீர் காலடியில், காளிமாட்டி இருப்புப்பாதை நிலையம் கூப்பிடு தொலைவில், கல்கத்தாத் துறைமுகம் ஏறத்தாழ 250 கிலோமீட்டரில். காடு திருத்தும் பணி 1908இல் தொடங்கியது. 1911ஆம் ஆண்டு திசம்பரில் முதல் இரும்பும், 1912ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதல் எஃகும் வெளிவந்தன. பெங்களூரில் அறிவியல் நிலையம் 1911இல் மாணவரை ஏற்றது. 1915ஆம் ஆண்டில் மேற்கு மலையின் நீர் மின்சாரமாகிப் பம்பாய் ஆலைகளை இயக்கிற்று. 1919ஆம் ஆண்டில் சாக்சி நகருக்கு ஜாம்செட்பூர் என்றும், காளிமாட்டி நிலையத்துக்கு டாட்டாநகர் என்றும் பெயர் சூட்டப்பெற்றன. இன்று அந்நகர் சார்க்கண்டு மாநிலத்தில் உள்ளது.

அந்நகரின் அமைப்பிலும் ஜாம்செட்ஜியின் உள்ளம் விளங்குகின்றது. இடம் இன்னதென்று தெரியுமுன்னரே, 1902இல், தம் மகனுக்கு அவர் மடல் எழுதினார். தெருக்கள் அகன்றிருக்க வேண்டும். விரைந்து வளரும் நிழல்மரங்கள் நட வேண்டும். தோட்டங்களுக்கும் விளையாட்டு வெளிகளுக்கும் இடம் விட வேண்டும். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்தினார். எனினும் ஓர் உண்மையை மறத்தல் ஆகாது. சாக்சியைச் சூழ்ந்த காடுகளில் சந்தாலர், ஹோ முதலிய பழங்குடி மக்கள் வழிவழி வாழ்ந்து வந்தனர். ஆலை எழுந்த நிலம் அவர்கள் பயின்ற நிலம். மண் சுமந்து கல் உடைத்து அவ்வாலையை எழுப்பியவருள் அவர்தம் ஆடவரும் பெண்டிரும் பலர். ஓரிடத்தின் வளத்தைக் கணக்கிடுவோர் அவ்விடத்து மக்களின் வாழ்வையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும் என்பது அவர்கள் நமக்கு உணர்த்தும் பாடம்.

இடத்தின் வாய்ப்பு என்றும் ஒருதன்மையாய் நிற்பதன்று. அன்று விட்டுவிட நேர்ந்த தல்லி ராசராக் குன்றுகள், அரை நூற்றாண்டு கழித்து, இருப்புப்பாதையும் அணைநீரும் வந்த பின்னர், பிலாய் எஃகு ஆலைக்குக் கனி வழங்கலாயின. நாகபுரியில் புகழோடு இயங்கிய எம்பிரஸ் ஆலையோ இன்று இயங்கவில்லை. வழி மாறினால், விலை மாறினால், கருவி மாறினால் இடத்தின் மதிப்பும் மாறும். ஆதலின் ஒருமுறை ஆராய்ந்து அமைதல் போதாது. காலந்தோறும் ஆராய்தல் வேண்டும்.

தொழில் தொடங்க விழையும் இளைஞர் பலர், பிறர் செய்து பொருளீட்டிய தொழிலையே பிறர் செய்த இடத்திலேயே தாமும் செய்ய முற்படுகின்றனர். ஜாம்செட்ஜியின் வாழ்வு காட்டும் வழி அதுவன்று. தம் ஊரில் விளைவது யாது, ஓடுவது யாது, கிடப்பது யாது, தம் மக்கள் வல்லது யாது, இல்லாதது யாது என்று முதலில் கேட்டல் வேண்டும். இருப்பதைப் பயன்கொண்டு, இல்லாதவற்றுள் ஆக்கக் கூடியதை ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். ஒரு தலைமுறையில் முடியாதது மறு தலைமுறையில் முடியுமாறு, எண்ணத்தைக் கணக்காக்கி விட்டுச்செல்லுதல் வேண்டும். மாணவர் தம் ஊரின் மண்ணையும் நீரையும் மக்களையும் இவ்வாறு கற்கத் தொடங்குவராயின், அக்கல்வி அவர்க்கும் ஊருக்கும் பயன் தருவதாகும்.